தேனும் கிடாவும்

பாலையும் தேனையும் ஒருங்குவைத்து எண்ணுதல் பண்டுதொட்டு வரும் வழக்கமாகும். இறைவன் தன் மக்கட்கு வாக்களித்த நாட்டின் வளத்தை விவிலியம் இவ்விரண்டையுங் கொண்டே விளக்குகின்றது. நம் முன்னோரும் நிலத்தை ஐந்திணையாக வகுத்தபொழுது, தேனைக் குறிஞ்சிக்கும் ஆட்டு மந்தையை முல்லைக்கும் உரியவாக்கி, அவ்விரு நிலங்களையும் அடுத்தடுத்து வைத்தனர். ஆயின், அத்தேனை அம்மந்தையின் கிடாவுக்கே ஊட்டினால் மந்தை பெருகுமோ என்னும் வினா, யான் கற்ற இலக்கியங்களில் கண்டதன்று. அஃது எம் ஊர்ப்புறத்து முதிய ஆயர் ஒருவர் என்னை வினாவியது.

இராதாபுரம் வட்டத்தை அறிந்தார் அதன் வறட்சியையும் அறிவர். மேற்கே மகேந்திரகிரி முகில் சூடி நிற்க, கிழக்கே கடற்கரைவரை செம்மண் தேரியும், பனையும், உடைமரமுமாக விரிந்து கிடப்பது எம் நாடு. இன்று காற்றாலைகள் நிறைந்துள்ள அவ்வெளியிலேதான் செம்மறியும் கன்னி ஆடும் மேய்கின்றன. மழை பொய்த்த ஆண்டில் உழவனுக்குக் கை கொடுப்பது ஆடு; மகளின் திருமணத்திற்கும் மகனின் கல்லூரிக் கட்டணத்திற்கும் விற்கப்படுவதும் ஆடே. ஆதலின், ஓர் ஈற்றில் குட்டிகள் குறைந்துபோதல் எம்மவர்க்குச் சிறிய இழப்பன்று.

மேற்கூறிய பெரியவர்க்கு நாற்பது பெட்டையாடுகளும் ஒரு கிடாவும் உண்டு. கிடா சோர்ந்திருக்கக் கண்டு அவர் கவலையுற்றிருந்தபொழுது, ஊர் ஊராய்த் தேன் விற்று வந்த ஒருவன், எட்டு நாள் தேன் ஊட்டினால் கிடா பொலியும் என்று உறுதி கூறினான். அவர் அவ்வாறே வாங்கி ஊட்டினார். அவ்வாண்டு ஆடுகளிற் பாதிக்கு மேற்பட்டவை சினை பிடியாமல் நின்றன. விடுமுறையில் ஊர் சென்றிருந்த என்னை அழைத்து, "தம்பி, நீ பெரிய படிப்புப் படிக்கிறாயே, தேன் கொடுத்தால் கிடா பொலியுமா, பொலியாதா?" என்று கேட்டார். "கேட்டுச் சொல்லுகிறேன், பாட்டையா" என்று கூறி வந்தேன். தமிழ் பயிலும் மாணவன் இதனை எழுதப் புகுந்ததற்குக் காரணம் அச்சொல்லே. விலங்கு நூல் பயிலும் நண்பர்களிடத்தும் நூலகத்திலும் யான் அறிந்தவற்றை ஈண்டு முறையே கூறுவேன். இப்பொருள் கூறக் கூசத்தக்கதென்று எவரும் எண்ணற்க. யாக்கோபு தன் மாமனாகிய லாபானின் மந்தையைப் பெருக்கிய செய்தி திருமறையிலேயே விரிவாகக் கூறப்பட்டுள்ளதன்றோ!

தேனின் இயல்பு

எம் நாட்டில் தேன் ஒருவகையன்று. பாறை முகடுகளிலும் உயர்ந்த மரங்களிலும் பெருந்தேனீ கட்டுவது மலைத்தேன். மரப்பொந்துகளிலும் பெட்டிகளிலும் வாழும் தேனீ தருவது பொந்துத்தேன். கொட்டாத சிறு தேனீயின் புளிப்புக் கலந்த தேன் கொசுத்தேன். பெட்டியில் தேனீ வளர்க்கும் முறையை நம்மவர்க்குப் பயிற்றியவருள் திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்த இயேசு சபைக் குருவாகிய நியூட்டன் பாதிரியார் குறிப்பிடத்தக்கவர். 1911 முதல் 1917 வரை அவர் பலரைப் பழக்கினார்; அவர் அமைத்த சிறு பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. எமக்கு அண்மையிலுள்ள மார்த்தாண்டத்தில் இத்தொழில் வேரூன்றியதற்குக் கிறித்துவ இளைஞர் சங்கத்தார் அங்கு நடத்திய கிராமப் புனரமைப்புப் பணி பெருங்காரணமாயிற்று.

எவ்வகைத் தேனாயினும் அதன் பெரும்பகுதி சர்க்கரையே. 100 கிராம் தேனில் ஏறத்தாழ 38 கிராம் பழச்சர்க்கரையும், 31 கிராம் குளுக்கோசும், 17 முதல் 20 கிராம் வரை நீரும் அமைந்திருக்கும். எஞ்சிய சிறு பகுதியில் வேறு சர்க்கரைகளும், அமிலங்களும், நொதிகளும், மலரினின்று வந்த நிறப்பொருள்களும் அடங்கும். புரதமோ ஒரு கிராமும் இராது. ஆகவே, உடலை வளர்க்கும் உணவு என்ற முறையில் நோக்கின், தேன் உடனே எரிந்து ஆற்றல் தரும் விறகு போன்றதேயன்றிச் சுவர் எழுப்பும் கல் போன்றதன்று. ஆயினும், அச்சிறு பகுதியிலுள்ள நிறப்பொருள்கட்கு ஒரு தனிச் சிறப்புண்டு. அதனை அறிதற்கு முன் ஆண் வித்தின் இயல்பை அறிதல் வேண்டும்.

ஆண் வித்தின் இயல்பு

1677ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு லேவன்ஹூக் என்பார் தாம் அமைத்த உருப்பெருக்கியின் வழியே விந்தணுக்களை முதன்முதற் கண்டார். தலையும் வாலும் உடைய அச்சிற்றுயிரணுக்கள் தலைப்பிரட்டை போல் நீந்திச் செல்வன. நலமுள்ள செம்மறிக்கிடா ஒருமுறை வெளியிடும் விந்து ஏறத்தாழ ஒரு மில்லி லிட்டரே; அதனுள் 200 முதல் 600 கோடி வரை அணுக்கள் இருக்கும். இத்துணைக் கோடியுள் ஒன்றே ஒரு குட்டிக்குத் தந்தைக்கூறாகின்றது.

இவ்வணுக்கள் ஒரு நாளில் விளைவனவல்ல. செம்மறிக்கிடாவின் விதையில் ஓரணு தோன்றி முழுவடிவு பெற ஏறத்தாழ 7 கிழமைகள் செல்லும். பின்னர் விதையை ஒட்டிய நீண்ட சுருட்குழாயில் ஊர்ந்து முதிர்ச்சி பெற மேலும் இரு கிழமைகள் ஆகும். ஆகவே, இன்று கிடாவினின்று வெளிப்படும் வித்து, இரண்டு திங்கட்கு முன் அஃது உண்ட உணவுக்கும், உற்ற வெயிலுக்கும், பட்ட காய்ச்சலுக்கும் சான்றாக நிற்பது. எட்டு நாள் ஊட்டிய உணவு, அதற்குப் பல கிழமைகட்கு முன்னரே உருவாகிவிட்ட அணுக்களின் எண்ணிக்கையைப் பெருக்க வல்லதன்று. பெரியவர் ஏமாந்ததன் முதற்காரணம் இதுவே.

விந்தணுவுக்கு இரு பெரும் பகைகள் உண்டு. ஒன்று வெப்பம். விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குமாறு அமைந்ததன் நோக்கம், அதனை உடற்சூட்டினும் சில பாகை குளிர்ச்சியாக வைத்தலேயாம். சித்திரை, வைகாசி வெயிலில் நிழலின்றி நிற்கும் கிடாவின் வித்து கெடுவது இதனாலேயே. மற்றொரு பகை, உயிரணுக்கள் ஆற்றலைப் பயன்படுத்துங்கால் தோன்றும் வீறுமிக்க உயிர்வளிக் கூறுகள். இரும்பைத் துரு அரிப்பது போல இவை அணுவின் புறத்தோலை அரிக்கும். விந்தணுவின் தோல் எளிதிற் சிக்குப்பிடிக்கும் கொழுப்பினால் ஆயது. தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும் கருவிகளும் அதனிடம் மிகக் குறைவு. ஆதலின், வேறு அணுக்களைக் காட்டிலும் அது விரைவில் கெடும். தேனிலுள்ள நிறப்பொருள்கள் இத்துருவைத் தடுக்கும் ஆற்றலுடையன. தேன் ஆண்மைக்கு நலஞ்செய்யும் என்னும் கருத்துக்கு அறிவியல் வழியில் ஆதரவாகக் காட்டப்படும் முதன்மையான காரணம் இதுவேயாகும்.

எலிகளைக் கொண்டு செய்த சோதனை

இக்காரணம் உண்மையில் விளைவு தருமோ என்பதனைச் சோதித்தே அறிதல் வேண்டும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அந்நாட்டுத் துவாலாங் மரங்களிற் பெருந்தேனீ கட்டும் தேனைக் கொண்டு இவ்வாராய்ச்சியைச் செய்தனர். எம் மலைத்தேனைத் தருவதும் அப்பெருந்தேனீ இனமே. வளர்ந்த ஆண் எலிகளைப் பகுத்து, எலியின் எடையில் ஒரு கிலோகிராமுக்கு நாள்தோறும் 0.2 கிராம், 1.2 கிராம், 2.4 கிராம் என்னும் மூன்று அளவுகளில் 4 கிழமை தேன் ஊட்டினர். 2012இல் வெளிவந்த அவ்வாராய்ச்சியின்படி, 1.2 கிராம் பெற்ற எலிகளில் மட்டும் முதிர்ந்த விந்தணுக்களின் எண்ணிக்கை மற்றவற்றினும் மிக்கிருந்தது. குறைந்த அளவும் பயன் தரவில்லை. அதன் இருமடங்காகிய 2.4 கிராமும் அப்பயனைத் தரவில்லை. ஆண்மைக்குரிய இயக்குநீரின் அளவிலோ, பழுதுற்ற அணுக்களின் விழுக்காட்டிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தேனை மிகுதியாக உண்ணலாகாது, போதிய அளவே உண்க என்று நீதிமொழிகளில் ஞானி எச்சரித்தமை, ஆய்வுக்கூடத்து எலிக்கும் பொருந்தி நிற்றல் வியப்பன்றோ!

அப்பல்கலைக்கழகத்தாரே சிகரெட்டுப் புகைக்கு ஆளாக்கிய எலிகட்கும் தேன் ஊட்டிப் பார்த்தனர். புகையினால் விதைக்கு உண்டான கேடு, தேன் உண்ட எலிகளில் குறைந்திருந்தது. இவ்விரு சோதனைகளையும் ஒருங்கு நோக்கின், தேன் ஆண்மையைப் புதிதாய்ப் படைக்கும் மருந்தன்று, கேடு நேருங்கால் ஓரளவு காக்கும் கேடயம் எனக் கொள்ளுதலே தகும்.

இங்கும் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. எலியின் விதையில் ஓரணு உருவாக 50 நாட்கட்கு மேல் ஆகும். சோதனையோ 28 நாட்களே நடந்தது. ஆதலின், தொடக்க முதல் முடிவுவரை தேனின் துணையோடு வளர்ந்த அணுக்களை அச்சோதனையிற் காண்டல் இயலாது. அணுக்களின் தொகை மிகுந்தது என்பதனால் குட்டிகளின் தொகையும் மிகும் என முடித்தலும் கூடாது. நெல்மணி மிகுதியாக விதைத்தவன் வயலெல்லாம் மிகுதியாக விளைந்துவிடுவதில்லையே!

அசைபோடும் விலங்கின் வயிறு

எலிக்குப் பொருந்தியது கிடாவுக்கும் பொருந்துமோ? இவ்விடத்தேதான் பலரும் இடறுகின்றனர். எலிக்கு வயிறு ஒன்று. அஃது உண்ட தேனின் சர்க்கரை சிறுகுடலை அடைந்து, அங்கிருந்து குருதியிற் கலக்கும். ஆடும் மாடுமோ அசைபோடுவன. அவற்றின் வயிற்றில் முதலறை ஒரு பெருந்தாழி போன்றது. அதனுள் எண்ணிறந்த நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. ஆடு எதனை உண்டாலும் முதலில் உண்பவை அந்நுண்ணுயிர்களே. தேன் சென்றவுடன் அதன் சர்க்கரையை அவை புளிக்கவைத்து அமிலங்களாக மாற்றிவிடும். ஆகவே, கிடாவின் வாயிற் புகுந்த தேன், தேனாகவே அதன் குருதியை அடைவதில்லை. அளவின்றி ஊட்டினால் முதலறையில் அமிலம் பெருகி, ஆடு தீனி மறுத்து, கழிந்து, மடிதலும் கூடும். சோறும் அரிசியும் மிகுதியாக உண்ட ஆடு இறத்தலை எம் ஊரார் கண்டிருப்பர், காரணம் ஒன்றே.

வேறொரு மயக்கமும் உண்டு. விந்துநீரில் இயல்பாகவுள்ள சர்க்கரை பழச்சர்க்கரையே என்பதைக் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த தாதியூஸ் மான் என்பார் 1946இல் வெளியிட்டார். விந்தணு நீந்துதற்கு வேண்டும் ஆற்றலை அச்சர்க்கரையினின்றும் பெறுகின்றது. தேனிலும் பழச்சர்க்கரை மிக்கிருத்தலால், தேனுண்டால் விந்துநீர் வளம்பெறும் என்று சிலர் முடிவு கட்டுவர். இது பிழை. விந்துநீரின் பழச்சர்க்கரையை உடல் தன் குருதியிலுள்ள குளுக்கோசினின்றும் தானே ஆக்கிக்கொள்கின்றது. கருப்பட்டி உண்பதனால் ஒருவன் கருப்பாவதில்லை, இவ்வாதமும் அத்தன்மையதே.

செலவையும் எண்ணுவோம். எலிக்குரிய அளவை நிறைக்கு நிறை பெருக்கி ஆட்டுக்குக் கொள்ளுதல் முறையன்றெனினும், ஒரு பேச்சுக்காக அவ்வாறு கொள்வோம். 30 கிலோகிராம் எடையுள்ள கிடாவுக்கு நாளொன்றுக்கு 36 கிராம் தேன் வேண்டும். 60 நாட்கு 2 கிலோகிராமுக்கு மேலாகும். அவ்விலைக்கு வாங்கும் கடலைப் பிண்ணாக்கில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் புரதம் உண்டு. அஃது அக்கிடாவுக்கு நெடுநாள் உணவாகும். இதுவும் தேன் தூய தேனாயிருப்பின் கூறும் கணக்கு. தெருவில் விற்கும் போத்தலில் சர்க்கரைப்பாகோ கருப்பட்டிப்பாகோ கலந்திருப்பின், கிடாவுக்குத் துருத்தடுக்கும் பொருளும் இல்லை. ஆயர்க்குப் பணமும் இல்லை.

உடலுக்கு வெளியே தேன்

இங்ஙனமாயின் தேனுக்கும் ஆண் விலங்கின் வளத்துக்கும் தொடர்பே இல்லையோ எனின், உண்டு. அது வாய் வழியாக அன்று. வித்தைச் சேமித்து வைக்குங் கலையின் வழியாக வருவது.

இத்தாலி நாட்டுக் குருவும் அறிஞருமாகிய ஸ்பல்லன்சானி 1780இல் பெட்டை நாயொன்றுக்கு ஆணின் வித்தைக் குழல்வழி செலுத்த, அது மூன்று குட்டிகளை ஈன்றது. நம் நாட்டில் 1939இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன் என்பார் செயற்கை முறைக் கருவூட்டலைத் தொடங்கினார். 1943இல் அலகாபாத்து விவசாயக் கழகத்தில் இம்முறையால் முதல் எருமைக்கன்று பிறந்தது. அக்கழகம் ஹிக்கின்பாதம் என்னும் மிஷனரி 1910இல் நிறுவியதாதலின், நம்போன்ற கல்லூரியார் இதனை உவகையோடு நினைவுகூரலாம்.

எனினும் வித்தை நெடுநாள் வைத்திருத்தல் அக்காலத்து இயலவில்லை. உறையவைத்தால் அணுவினுள் உள்ள நீர் பனியூசிகளாகி அதனைக் குத்திக் கிழித்துவிடும். இலண்டனில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்னும் மூவர் தேனிலுள்ள அதே பழச்சர்க்கரையைக் கலந்து சேவலின் வித்தை உறையவைக்க முயன்று தோல்வியுற்றனர். சில காலங்கழித்து, குளிர்ப்பெட்டியில் வைத்திருந்த பழச்சர்க்கரைப் போத்தலை எடுத்து மீண்டும் முயன்றபொழுது, உறைந்து உருகிய அணுக்கள் உயிரோடு நீந்தின! வியந்து அந்நீரைப் பகுத்துப் பார்த்தபொழுது அதில் சர்க்கரையே இல்லை. கிளிசரினும் முட்டைவெண்கருப் புரதமும் இருந்தன. போத்தல்கள் மாறிவிட்டிருந்தன. 1949இல் அவர்கள் இதனை வெளியிட்டனர். அன்றுதொட்டே வித்தை உறைபனியில் ஆண்டுக்கணக்காக வைத்திருக்கும் முறை உலகெங்கும் பரவலாயிற்று. ஒரு பெயர்ச்சீட்டின் பிழை உலகத்து மந்தைகளையெல்லாம் மாற்றியது.

இந்நாளில் அவ்வுறைநீரிற் சிறிதளவு தேனைச் சேர்த்துப் பார்க்கும் ஆராய்ச்சிகள் எகிப்து முதலிய நாடுகளில் அரபுக் குதிரை, எருது ஆகியவற்றின் வித்தைக் கொண்டு நடந்துள்ளன. சிற்றளவில் தேன் நலஞ்செய்தமை காணப்பட்டுள்ளது. அதன் சர்க்கரை அணுவினுள்ளிருந்து நீரை மெல்ல வெளியே ஈர்த்துப் பனியூசிகள் குறையச் செய்யும். நிறப்பொருள்கள் துருவைத் தடுக்கும். ஆயின் அளவு மிகுந்தால் நீர் மட்டின்றி ஈர்க்கப்பட்டு அணு சுருங்கி மடியும். மேலும், நீர் கலந்த தேனில் ஒரு நொதி ஐதரசன் பெராக்சைடை உண்டாக்கும். புண்ணைத் தூய்மை செய்யும் அப்பொருள் விந்தணுவுக்கு நஞ்சு. ஒரு துளியில் காவலும் கேடும் ஒருங்கிருத்தலின், அளவறிந்து பயன்படுத்தலே இங்கும் நெறி.

வித்தைக் காக்குங் கலையில் மனிதர்க்கு முன்னோர் தேனீக்களே என்று கூறலாம். இராணித்தேனீ தன் இளமையிற் பெற்ற வித்தைத் தன் உடலிலுள்ள சிறு பையில் ஆண்டுக்கணக்காக உயிரோடு காத்து, வேண்டும்பொழுது முட்டையிற் சேர்க்கின்றது. அவ்வித்துச் சேராத முட்டையிலிருந்து ஆண் தேனீ பிறக்கும் என்பதனைச் சைலீசியாவைச் சேர்ந்த ஜியர்சோன் என்னும் கத்தோலிக்கக் குரு 1845இல் வெளியிட்டார். தந்தையின்றிப் பிறக்கும் ஆணும், பல்லாண்டு கெடாத வித்தும் ஒரு சிறு கூட்டினுள் அமைந்திருத்தலை எண்ணுந்தோறும், படைத்தவனின் கைத்திறன் உள்ளத்தை நிறைக்கின்றது.

ஆயர்க்கு விடை

இனி அப்பெரியவர்க்கு யான் கூறிய விடையைத் தொகுத்துரைப்பேன். தேன் கெட்டதன்று, எனினும் கிடாவின் குறையைத் தீர்ப்பதும் அதுவன்று. நாற்பது பெட்டைகட்கு ஒரு கிடா போதாது. இருபத்தைந்து அல்லது முப்பதுக்கு ஒன்று வேண்டும். கிடாவை மந்தையில் விடுவதற்கு இரண்டு திங்கட்கு முன்னரே அதனைப் பேணத் தொடங்குதல் வேண்டும். பசுந்தழையும், உடைநெற்றும், சிறிது பிண்ணாக்கும், உப்புக்கட்டியும், நிழலும், தண்ணீரும் தேனினும் மிக்க பயன் தரும். காய்ச்சல் கண்ட கிடாவை இரு திங்கள் நம்பலாகாது. விதைகள் இரண்டும் ஒத்த அளவினவாய்த் திண்மையாய் உள்ளனவா என்று தொட்டுப் பார்த்தல் வேண்டும். தன் மக்களோடே கிடா சேராதபடி இரண்டு ஆண்டுக்கொருமுறை அதனை மாற்றுதல் வேண்டும். ஐயம் உண்டாயின் கால்நடை மருத்துவரைக் கொண்டு வித்தைச் சோதிப்பிக்கலாம். திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கின்றது.

யான் இவற்றையெல்லாம் கூறி முடித்தபின் பெரியவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "கிடாவுக்கு வயசாகிவிட்டது, தம்பி, எனக்கும் அது தெரியும். விற்க மனம் வரவில்லை, அதனால்தான் தேனை நம்பினேன்" என்றார். அச்சொல் என் உள்ளத்திற் பதிந்தது. அவரை ஏமாற்றியவை தேன் விற்றவனின் சொல்லும் அவர்தம் அன்பும் ஆகிய இரண்டுமே. நூல் கற்ற யாம் முதலாவதைத் திருத்தலாம்; இரண்டாவதைத் திருத்த எமக்கு உரிமையில்லை. அடுத்த ஈற்றுக்கு அவர் வேறோர் இளங்கிடாவை வாங்கினார். பழங்கிடாவையும் விற்கவில்லை, அது வேப்பமர நிழலிற் படுத்து அசைபோடுகின்றது.

நண்பர்களே! ஆய்வுக்கூடத்து உண்மை ஆங்கில ஏட்டிலேயே தங்கிவிடுமாயின், ஆயர் தெருவில் வரும் போத்தற்காரனின் சொல்லையே நம்புவர். அறிவியல் பயில்வோர் அதனை ஆராய்ந்து கூறவும், தமிழ் பயில்வோர் அதனை ஆயர்க்கும் விளங்கும் தமிழில் எழுதவும் முற்படுவோமாக. இனிய சொல்லைத் தேனுக்கு ஒப்பிடுவர். உண்மையோடு கூடிய சொல்லே எந்நாளும் கெடாத தேன்.